பதிமூன்றாவது ஓட்டை

அந்த ஸ்கூட்டர் இனி ஓடக் கூடாது என்று அரைமில்லி முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயில் நுரை இருந்ததால் முடிவை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. சொல்லியிருந்தால் வாய் கொப்பளிப்பதற்குள் அந்த முடிவு செத்திருக்கும். அவருடைய முடிவுகள் பெரும்பாலும் மனைவியின் காதில் விழுந்த கையோடு செத்துப்போகிறவை.

அரைமில்லி என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டுகிறவர். ஃபிரேமுக்கு ஏற்றபடி கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். இருபத்து நான்கு வருடம் அதையே செய்ததில், உலகத்தில் எது எங்கே அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். சுவரில் தொங்கும் காலண்டர், பக்கத்து வீட்டுக் கதவு, மைத்துனரின் மீசை, எதையும் அவர் விட்டதில்லை. "அரை மில்லி சாஞ்சிருக்கு" என்பார். தெரு அதையே பெயராக வைத்துவிட்டது. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் மட்டும் பெயரைக் கேட்டுவிட்டு, மில்லி என்றால் சாராயக் கணக்கு என்று நினைத்து நாலு நாள் ஒதுங்கி நடப்பார்கள். டீயைக்கூட ஆற வைத்துக் குடிக்கிற மனிதர் என்று தெரிந்ததும், "அரை மில்லிக்கே இவ்ளோ கெட்ட பேரா" என்று பரிதாபப்படுவார்கள்.

அவர் மனைவி தையல்காரி. தெருவுக்கு டெய்லரக்கா. வீட்டு முன்னறைதான் கடை. ஆளைக் கண்ணால் பார்த்தே தோள் அளவு சொல்லுவாள். கத்தரிக்கோலை வைத்தால் வைத்ததுதான், திரும்ப வெட்டியதாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் ரெடிமேட் துணித் தொழிற்கூடம் ஒன்றில் அவளை அழைத்திருந்தார்கள். அங்கே வேலைக்குச் சேரும் பெண்களுக்குத் துணி வெட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள். முதல் தேதியிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள்.

தொழிற்கூடம் பதினொரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. வழியில் ஒரு மேம்பாலம். மேம்பாலத்தில் முழுக்க லாரி.

போன மழைக்காலத்தில் அவள் அந்த ஸ்கூட்டரிலிருந்து சறுக்கி விழுந்தாள். அரைமில்லி அப்போது கடையில் ஒரு பள்ளி ஆசிரியரின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. தெரியாத குரல். "இந்த நம்பருக்குத்தான் கடைசியா பேசியிருக்காங்க, அதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றது. பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, "கையிலதான் அடி, பயப்படாதீங்க" என்றது. அந்த ஒரு மூச்சு நேரத்திலிருந்து அரைமில்லி இன்னும் வெளியே வரவில்லை. மாவுக்கட்டு ஆறு வாரத்தில் பிரிக்கப்பட்டது. அந்த ஆறு வாரமும் அவளுக்குத் தலை வாரிப் பின்னி விட்டது அவர்தான். வகிடு அவ்வளவு நேராக எப்போதும் இருந்ததில்லை என்று அவளே சொன்னாள்.

"போகாதே" என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இருபத்து மூன்று வருட இல்லறத்தில் அவர் 'வேண்டாம்' என்று சொன்னது இரண்டே முறை. முன்னறையைத் தையல் கடையாக்க வேண்டாம் என்றார். அப்புறம் ஸ்கூட்டர் வாங்க வேண்டாம் என்றார். முன்னறையில் தையல் கடை இருக்கிறது. வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றும் சொல்லலாம். அது அதைவிடக் கஷ்டம்.

ஆகவே பல் தேய்த்து முடித்து, முகம் துடைத்து, முன்னறைக்கு வந்தார்.

"ஏம்மா, வண்டிக்கு அடியில ஆயில் சொட்டுது, பாத்தியா?"

"ஒரு சொட்டுதானங்க. ஒரு வருஷமா அதே ஒரு சொட்டுதான்."

"இன்னிக்கு ஒரு சொட்டு. நாளைக்கு இன்ஜினே ஜாம் ஆயிடும். முதல் தேதி நீ வேலைக்குப் போகணும். வண்டி நல்லா இருக்க வேண்டாமா?"

"மெக்கானிக்கிட்ட விட்டா சாயங்காலம் குடுத்துடுவாரே."

"அவர் எதுக்கு? நான் பிரிக்கிறேன்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீங்களா?"

"ஏன், கண்ணாடி தீட்டுற கைக்கு இன்ஜின் வராதா?"

"வரும். கழட்டினா எல்லாம் கையோட வந்துடும். திரும்பப் போகுமா?"

"போகும்" என்றார் அரைமில்லி. போகக் கூடாது என்பதுதான் திட்டமே.

ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத் தாழ்வாரத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் இன்ஜின் மொத்தமும் தரைக்கு வந்துவிட்டது. கெடுக்க வேண்டும் என்று உட்கார்ந்த மனிதர், ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, எது எந்த ஓட்டைக்கு உரியது என்று சீட்டு எழுதி ஒட்டினார். அலங்கோலமாகப் போட்டு வைத்தால் திட்டத்துக்கு இன்னும் நல்லது என்று புத்திக்குத் தெரிந்தது. கை கேட்கவில்லை.

ஆயில் எங்கிருந்து கசிகிறது என்பதும் தெரிந்துவிட்டது. இன்ஜினின் ஒரு பக்கத்தில் பெரிய மூடி ஒன்று இருக்கிறது. மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே, மூடியின் விளிம்பைப் போலவே வெட்டிய ஒரு காகிதம். இரண்டு உலோக முகங்களை எவ்வளவு இழைத்தாலும் இடைவெளி இல்லாமல் ஒட்டாது. நடுவில் அந்தக் காகிதம் படுத்துக்கொண்டால்தான் ஆயில் உள்ளே நிற்கும். கேஸ்கெட் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், கடைகளில் பேக்கிங் என்பார்கள். அவர் மூடியைத் திறந்தபோது அந்தப் பேக்கிங் பாதி மூடியோடும் பாதி இன்ஜினோடும் போய், நடுவில் கிழிந்து தொங்கியது. அந்தக் கிழிசலை இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு, ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டர் முகத்தோடு முன்னறைக்குப் போனார்.

"இது போயிடுச்சும்மா."

"வேற வாங்குங்க."

"பழைய வண்டி. கிடைக்கிறது கஷ்டம்."

"கேட்டுட்டீங்களா?"

"நாளைக்குக் கேக்குறேன்" என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

தெருமுனை மெக்கானிக் கடையில் பேக்கிங்குகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. மெக்கானிக் கிழிசலைப் பார்த்தார், அண்ணாந்தார், மூன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"மேல் மூடிக்கு ஒண்ணு, சிலிண்டருக்கு அடியில ஒண்ணு, இந்தப் பக்க மூடிக்கு ஒண்ணு. அவ்ளோதான் சார்."

அரைமில்லி இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதைத் திருப்பி நீட்டினார்.

"இது கிடைக்காது."

"அதான் கையில வெச்சிருக்கீங்களே சார்."

"என் சம்சாரம் வந்து கேட்டா, கிடைக்காதுன்னு சொல்லணும்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். முகம் இறுகிவிட்டது. "சார், தொழில்ல நான் ஒரு ஒழுங்கு வெச்சிருக்கேன். இல்லாததை இருக்குன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

"நான் இருக்கிறதை இல்லைன்னுதானே சொல்லச் சொல்றேன்."

மெக்கானிக் யோசித்தார். விஷயத்தை அந்தப் பக்கத்திலிருந்து அவர் இதுவரை பார்த்ததில்லை போலிருந்தது.

"அது வேற" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா ஏன் சார்?"

அரைமில்லி மேம்பாலத்தையும் லாரியையும் சொன்னார். போன் குரலைச் சொல்லவில்லை. மெக்கானிக் போன வருடம் வளைந்த ஹேண்டிலை நிமிர்த்திக் கொடுத்தவர். அந்தப் பேக்கிங்கை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.

"கிடைக்காதுன்னு சொல்றேன். ஆனா அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டாங்கன்னா உண்மையத்தான் சொல்வேன்."

"அதுக்கு மேல என்ன கேக்கப் போறா?" என்றார் அரைமில்லி.

இருபத்து மூன்று வருடம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்திய மனிதர் சொன்ன வார்த்தை அது.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் நிம்மதி நிலவியது. இன்ஜின் தாழ்வாரத்தில் பழைய போர்வைக்கு அடியில் நோயாளி மாதிரி படுத்திருந்தது. அரைமில்லி தினமும் கடை விட்டு வந்ததும் போர்வையை விலக்கிப் பார்ப்பார். சும்மா பார்த்தால் சந்தேகம் வரும் என்று ஒரு பாகத்தைத் துடைப்பார். துடைத்தது பளபளத்ததும் பக்கத்துப் பாகம் அழுக்காகத் தெரியும். அதையும் துடைப்பார். மூடியின் முகத்தில் பழைய பேக்கிங் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதைக் கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பிளேடால், உலோகத்தில் ஒரு கீறல் விழாமல், நான்கு சாயங்காலம் சுரண்டினார். ஐந்தாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தன் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுதாங்க?" என்பாள் அவள் உள்ளிருந்து.

"சொல்லி வெச்சிருக்கேம்மா."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. அவள் திரும்பி வந்தபோது கையில் பழுப்பு நிறக் காகிதச் சுருள் ஒன்று இருந்தது.

"மெக்கானிக் கடைக்குப் போயிருந்தேங்க. கிடைக்காதாமே."

"அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றார், மனசுக்குள் மெக்கானிக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு.

"நான் விடல. சரி, கிடைக்காத ஊர்ல என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன்."

அரைமில்லியின் கையிலிருந்த துடைப்புத் துணி நின்றது.

"அவர் ஒரு மாதிரி டிராயரையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் சொன்னார். பேப்பர் வாங்கி நாமளே வெட்டிக்கலாமாம். மூடியோட விளிம்புல ஆயிலைத் தொட்டுத் தடவி, பேப்பர் மேல வெச்சு அழுத்தினா அச்சு விழுமாம். அச்சு மேலயே வெட்டிட வேண்டியதுதான். நான் தினம் பண்றதுதானே இது?" சுருளை விரித்தாள். "இதுக்குன்னே வர்ற பேப்பராம். ஆயில்ல ஊறாது. அரை மில்லி கனம்."

கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அவள் சிரித்தாளா இல்லையா என்பது அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

சனிக்கிழமை அவர் கடையிலிருந்து திரும்பியபோது பேக்கிங் தயாராக மேஜை மேல் இருந்தது. முன்னறையில் அவள் சீருடைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டி வெச்சிருக்கேன். நாளைக்கு மாட்டிடுங்க. எனக்குப் பதினாறு சட்டை பாக்கி இருக்கு."

அரைமில்லி எடுத்துப் பார்த்தார். வெளி விளிம்பு அலை அலையாக இருந்தது. ஒரு போல்ட் ஓட்டை அரை மில்லி இடதுபக்கம் போயிருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"சரியா இருக்குங்களா?"

"சரியாத்தான் இருக்கு" என்றார். தன் காதுக்கே அது வேறு யாரோ பேசியது மாதிரி இருந்தது.

மறுநாள் காலை. முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் சிலிண்டரும் மேல் மூடியும் புதுப் பேக்கிங்கோடு இடத்தில் உட்கார்ந்துவிட்டன. பக்க மூடி ஒன்றுதான் பாக்கி. அவள் வெட்டிய காகிதத்தை முழங்கால் மேல் விரித்து ஓட்டைகளை எண்ணினார். போல்ட்டுக்குப் பத்து. மூடி நகராமல் பிடிக்கும் முளைகளுக்கு இரண்டு. பன்னிரண்டு. மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்து எண்ணினார். பதிமூன்று.

மறுபடி எண்ணினார். பன்னிரண்டு. பதிமூன்று.

விட்டுப்போயிருந்தது மிளகு அளவு ஓட்டை ஒன்று. அதன் வழியாகத்தான் ஆயில் மூடியிலிருந்து இன்ஜினுக்குள் போகிறது. அதைக் காகிதம் அடைத்துக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. வண்டி கிளம்பும். பத்து நிமிடம் நன்றாகவே ஓடும். பிறகு உள்ளே எல்லாம் காய்ந்து, கொதித்து, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் அந்த இன்ஜினை எடைக்குத்தான் போட வேண்டும்.

அரைமில்லி காகிதத்தைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சுத்தமான ஏற்பாடு தானாக வந்து மடியில் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வெட்டியது அவள். அவர் மாட்டினார், அவ்வளவுதான். பொய்கூடச் சொல்ல வேண்டாம். நேற்று விழுங்கியதைப் போல, கண்ணில் பட்ட ஒரு தப்பை இன்னொரு முறை சொல்லாமல் இருந்தால் போதும்.

காகிதத்தை இன்ஜின் மேல் வைத்தார். மூடியை வைத்தார். முதல் போல்ட்டை விரலால் திருகினார். இரண்டாவது. மூன்றாவது.

நான்காவது போல்ட்டைக் கையில் எடுத்தபோதுதான் அந்தப் பத்து நிமிடம் நினைவுக்கு வந்தது. பத்து நிமிடத்தில் அவள் எங்கே இருப்பாள்? தெருமுனைக்கு ஒரு நிமிடம். பெரிய சாலைக்கு மூன்று. சிக்னலில் இரண்டு. அவருக்கு எதையும் அளக்காமல் இருக்க முடியாது. அளந்துகொண்டே போனார். பத்தாவது நிமிடம் மேம்பாலத்தின் நடுவில் வந்து நின்றது. இன்ஜின் கவ்வினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டாலும் பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி.

'இந்த நம்பருக்குத்தான் கடைசியா பேசியிருக்காங்க.'

மூன்று போல்ட்டையும் கழற்றினார். மூடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

முன்னறையில் மெஷின் நின்றது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லம்மா."

"உக்காந்துச்சா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு சொன்னார்.

"இல்ல. இது சரியா இல்ல. இதை மாட்டக் கூடாது."

"நான் வெட்டினதா சரியா இல்ல?"

"ஆமா."

முன்னறையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"அப்ப நீங்களே வெட்டிக்கங்க!"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

அரைமில்லி வெட்டினார். அவள் சொன்னபடியே மூடியின் விளிம்பில் விரலால் ஆயில் தொட்டுத் தடவி, காகிதத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். அச்சு மயிரிழை பிசகாமல் விழுந்தது. துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினால் அந்த வீட்டில் உயிரோடு இருக்க முடியாது. கடை பிளேடையே எடுத்தார். ஓட்டைகளுக்குப் பழைய மடக்குக் குடையின் குழல் தண்டுகளை நுனியில் சாணை பிடித்து, மரக்கட்டை மேல் வைத்து ஒரே தட்டு. ஒவ்வொன்றும் வட்டமாக, பிசிறில்லாமல் வந்தது. பதிமூன்றாவதை இரண்டு முறை அளந்துவிட்டுத் தட்டினார். காகிதத்தில் ஒரு வளைவை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதை மட்டும் மூன்று முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் காதில் விழவில்லை.

பேக்கிங்கை மெல்ல ஆயிலில் ஒற்றி வைத்தார். எல்லா ஓட்டைகளும் மூடியின் ஓட்டைகளோடு நேருக்கு நேர் நின்றன. போல்ட்டுகளை ஒரே பக்கமாக முறுக்கினால் காகிதம் ஒதுங்கும். ஆகவே எதிரெதிராக, கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே, மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் மூடி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் அமர்ந்தது. இன்ஜினை வண்டியில் ஏற்றினார். ஆயில் ஊற்றினார்.

"சாவி குடும்மா!"

அவள் வந்தாள். சாவியை நீட்டினாள். ஒரே உதை. வண்டி கிளம்பியது. அவர் அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டார். வாங்கிய நாளில்கூட அது இவ்வளவு சீராக ஓடியதில்லை. வண்டிக்கு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்தார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி. அரை மணி. ஒரு சொட்டு இல்லை.

"பாத்தியா? பாத்தியா? ஒரு பொட்டு இல்ல! கம்பெனிக்காரன் வெட்டினாக்கூட இப்படி உக்காராது!" என்று அரைமில்லி எழுந்து கையைத் தட்டினார்.

தட்டிய கை அப்படியே நின்றது. தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மெல்ல உட்கார்ந்தார்.

"நீ வெட்டினதுல ஒரு ஓட்டை கம்மி" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

அவள் உள்ளே போய், அளவுக் காகிதங்கள் வைக்கும் அட்டையைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து இன்னொரு பேக்கிங்கை எடுத்து நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பு கோடு போட்டது மாதிரி இருந்தது. எண்ணினார். பதிமூன்று.

"இதுதாங்க முதல்ல வெட்டினது."

"அப்ப அது?"

"அதை வெட்டத்தான் ரொம்ப நேரமாச்சு. கோணலா வெட்டி எனக்குப் பழக்கமில்ல."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மெக்கானிக் டிராயரைப் பாத்த பார்வையிலயே தெரிஞ்சு போச்சு. நான் வெட்டின நல்லதைக் குடுத்திருந்தா மாட்டியிருப்பீங்க. அடுத்த வாரம் கசியுதுன்னு மறுபடி பிரிப்பீங்க. நான் மறுபடி வெட்டணும். நீங்களே வெட்டினதுன்னா? கழுத்துல கத்தி வெச்சாலும் பிரிக்க மாட்டீங்க."

அது உண்மை என்பதுதான் அவரை மிகவும் புண்படுத்தியது. அந்த வளைவை நினைத்துப் பார்த்தார். அதைக் கிழிக்கத் தன் கையால் ஆகாது.

"ஒருவேளை அந்த ஓட்டை இல்லாததை நான் மாட்டியிருந்தா?"

"மாட்டியிருக்க மாட்டீங்க."

"அவ்ளோ நம்பிக்கையா என் மேல?"

"நம்பிக்கை இருக்கு" என்றாள். பிறகு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தவளாக, "சாவியும் என்கிட்டதான் இருந்துச்சு" என்றாள்.

மூன்று போல்ட் வரைக்கும் மாட்டியதை அவர் சொல்லிவிட நினைத்தார். அதற்குப் பதிலாக, அவரே எதிர்பாராமல், வேறொன்று வெளியே வந்தது.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் தன் இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தான்" என்றாள். "பாலத்துல ஏறும்போதெல்லாம் இந்தக் கை மரத்துப்போகுது."

"அப்ப ஏன் போற?"

"போகலன்னா எப்பவும் மரத்துப்போயே இருக்கும்ங்க. அங்க முப்பது பொண்ணுங்க கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாம நிக்கிறாங்களாம். நான் போய்ச் சொல்லிக் குடுக்கணும்னு ஆசையா இருக்கு. இந்த வயசுல ஒரு ஆசை வந்தா விடலாமா?"

அவர் தலையை ஆட்டினார். ஆம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று பிடிபடாத ஆட்டல். அவள் அதை ஆம் என்றே எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அரைமில்லி தோல்வியோடு தூங்குகிறவர் அல்ல. முதல் தேதி காலை சட்டையை உள்ளே விட்டு, தலைக்கவசத்தோடு வாசலில் நின்றார். தன் கடை அதே சாலையில்தான் இருக்கிறது, இத்தனை வருடம் பஸ்ஸில் இடிபட்டது போதும், இனி தினமும் அவளோடு பின்னால் உட்கார்ந்து வருவதாக அறிவித்தார். அவள் ஒரு நொடி பார்த்தாள். "ஏறுங்க" என்றாள்.

இவ்வளவு எளிதாக ஜெயித்ததில் அவருக்கே ஆச்சரியம். இனி மேம்பாலத்தைத் தாண்டுகிறவரை அவள் தோளுக்குப் பின்னால் இரண்டு கண் காவலுக்கு இருக்கும். கண்ணாடி தீட்டுகிறவர் கண்.

முதல் நாள் அவர் "மெதுவா" என்று பத்தொன்பது முறை சொன்னார். இரண்டாம் நாள், சொன்னால் அவள் கவனம் சிதறும் என்று, சொல்வதற்குப் பதிலாகத் தோளை அழுத்தினார். மூன்றாம் நாள் லாரியைக் கண்டால் இரண்டு கையாலும் அழுத்தினார். வெள்ளைக் கோட்டிலிருந்து வண்டி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் அவ்வப்போது தெரிவித்தார். அவள் சாலையைப் பார்த்து ஓட்டினாள். இன்ஜின் மட்டும் அவருடைய கைவண்ணத்தில் பூ மாதிரி ஓடியது.

நான்காம் நாள் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினாள்.

"இறங்குங்க."

"என்னாச்சு? சத்தம் ஏதாவது மாறுதா?"

"வண்டி நல்லாத்தான் ஓடுது. நீங்க இறங்குங்க."

இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

"பாலத்துல ஏறினா என் கை மரத்துப்போறதே இல்லங்க இப்பெல்லாம்" என்றாள் அவள், மிகுந்த அமைதியோடு. "மூணு நாளா தோள்தான் மரத்துப்போகுது. நான் தனியாவே போய்க்கிறேன். போய்ச் சேந்ததும் போன் பண்றேன். எடுங்க."

"கடை இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கேம்மா!"

"நீங்க நிக்கிறது பஸ் ஸ்டாப்புதான்."

திரும்பிப் பார்த்தார். ஆமாம், பஸ் ஸ்டாப்தான். அவர் தலையை நிமிர்த்துவதற்குள் ஸ்கூட்டர் பாலத்தில் ஏறிவிட்டது. வெள்ளைக் கோட்டை ஒட்டி, நேராக, ஒரு ஆட்டமும் இல்லாமல் போயிற்று. லாரி ஒன்று அவளுக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரிகிறவரை பார்த்தார்.

பஸ் வந்தது. உட்கார இடமில்லை.